மழைத் தண்ணி

படகின் அடியில் கிடந்த தண்ணீரை ஐயா சுட்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு கணம் பேசாமல் இருந்தார். "மழைத் தண்ணி," என்றார். பிறகு விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு தூண்டிலுக்குப் புழுக் குத்தத் தொடங்கிவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். போன ஆவணியில் ஒரு ஞாயிறு காலை, ஒன்ராறியோவின் றைஸ் ஏரியில், நாங்கள் வீட்டில் வைத்துத் திருத்திய பழைய அலுமினியப் படகு முதன்முதல் தண்ணீரில் இறங்கி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். இப்போது மாசி. ஸ்காபரோவில் பனி கொட்டி, படகை மூடிய நீலப் படங்கு எது, முற்றம் எது என்று தெரியாமல் கிடக்கிறது. ஆறு மாதமாக அந்த விரல் என்னை விட்டபாடில்லை. சோறு வடிக்கும்போது வருகிறது. 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வருகிறது.

வடமராட்சியில் எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியப்புறம் வள்ளத்துக்குள் தண்ணீர் கிடந்தால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். உப்புக் கரித்தால் வள்ளம் எங்கோ ஊறுகிறது, ஓடாவியைக் கூப்பிட வேண்டும். உப்பில்லையென்றால் இரவு பெய்த மழை. இறைத்துக் கொட்டிவிட்டுத் தொழிலுக்குப் போகலாம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நாக்கு பிழைவிட வழியே இல்லை.

ஆனால் றைஸ் ஏரியில் உப்புக்கு எங்கே போவது? ஊறினாலும் நன்னீர், பெய்தாலும் நன்னீர். நாக்குக்கு அங்கே வேலையில்லை. 17 வருடமாகக் கனடாவில் இருக்கும் ஐயாவுக்கு இது தெரியாதா?

தெரியாமல் சொன்னாரா, தெரிந்துகொண்டு சொன்னாரா என்பதுதான் என் கரைச்சல். ஏனென்றால் அந்தப் படகில் ஒரு பிழை இருந்தது. அது என் கையால் விட்ட பிழை.

படகை வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்வளவில், கவிழ்ந்தபடி, மேலே காட்டுத் திராட்சைக் கொடி படர்ந்து கிடந்தது. 14 அடி. எழுபதுகளில் செய்ததென்று விற்ற முதியவர் சொன்னார். ட்ரெயிலரோடு சேர்த்து 600 டொலர். இவர், என் வீட்டுக்காரர், அந்தக் காசுக்குக் கடையில் மீன் வாங்கினால் வருசம் முழுக்கச் சாப்பிடலாம் என்றார். கணக்கு சரிதான். ஆனால் கவிழ்த்து வைத்த படகைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. சின்ன வயதில் நான் தொட்ட படகெல்லாம் கவிழ்ந்து கிடந்தவைதான். பொம்பிளைப் பிள்ளைகள் வள்ளத்தில் ஏறக்கூடாது. கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும்போது அதன் முதுகில் சாய்ந்து கொண்டு கச்சான் தின்னலாம். அதற்கு யாரும் ஏசமாட்டார்கள். ஐயா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அவருடைய வள்ளத்தின் உட்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதுகு நல்லாய்த் தெரியும்.

நிமிர்த்திப் பார்த்தபோது 600 டொலருக்கு என்ன கிடைத்தது என்பது விளங்கியது. மோட்டரைக் கொழுவும் பின்பலகைக்குள் இருந்த ஒட்டுப்பலகை கேக்கைப்போல உதிர்ந்தது. உதிர்ந்த துண்டுகளைக் கவனமாகப் பொருத்தி, அதையே அச்சாக வைத்துப் புதிது வெட்டினோம். கடையில் உக்காத மருந்தேற்றிய பலகையைத்தான் முதலில் எடுத்துத் தந்தார்கள். வேண்டாம் என்றேன். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் செம்பு பிழைத்துக்கொள்ளும், அலுமினியம் அரித்துப்போகும். இதற்கு ஒரு சாட்சியும் படகுக்குள்ளேயே கிடைத்தது. பின் இருக்கையின் கீழே, சேற்றோடு ஒட்டிப்போன ஒரு சதக் காசு. நெம்பி எடுத்தால் அடியில் வெள்ளைத் தூளும், காசளவு வட்டமாக ஒரு பள்ளமும். கனடா அந்தக் காசை 2013 இல் புழக்கத்துக்கு விடுவதை நிறுத்திவிட்டது. நாடு கைவிட்ட காசு எத்தனை வருடமாக இருட்டில் இருந்து தன் வேலையைப் பார்த்திருக்கிறது!

இருக்கைகளுக்குள்ளே மிதப்புக்காக அடைத்திருந்த நுரைப்பஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல்லாகியிருந்தது. படகு கவிழ்ந்தாலும் தாழாமல் இருப்பதற்கு வைத்த பொருள்தான் படகைத் தாழ்த்தும் பாரமாகிவிட்டது. முன் இருக்கையையும் பின் இருக்கையையும் திறந்து அதையெல்லாம் வழித்தெடுத்தோம். பிழிந்தால் பழுப்புத் தண்ணீர். அது மழையா ஏரியா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நடு இருக்கையைத் திறக்கவில்லை. தட்டிப் பார்த்தேன், காய்ந்த சத்தம்தான் கேட்டது. அதோடு ஆனியும் முடியப் போகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிறது, அவசரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

அலுமினியப் படகில் ஓட்டை கண்டுபிடிக்கும் வழி வேடிக்கையானது. தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்கத் தண்ணீரில் இறக்க வேண்டாம். ட்ரெயிலரில் வைத்து, பாரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, தோட்டக் குழாயால் படகுக்குள் தண்ணீரை விட்டுவிட்டு, நாங்கள் கீழே படுத்திருந்து மேலே பார்க்க வேண்டும். எங்கே சொட்டுகிறதோ அங்கே மெழுகுப் பென்சிலால் வட்டம். மகள் வட்டம் போட்டாள். 24 வட்டம். ஐயா கதிரையைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் போட்டு இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் தண்ணியில கிடக்கட்டும் பிள்ளை, தானா அடைஞ்சிடும்," என்றார். மர வள்ளத்துக்கு அது சரி. காய்ந்த மரம் தண்ணீரில் ஊறிப் பருத்து, பொருத்துவாய்களைத் தானே இறுக்கிக்கொள்ளும்; மிச்சத்துக்குப் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பற்று அடிப்பார்கள். "ஐயா, இது மரமில்லை," என்று சிரித்தேன். அவர் எழுந்து வந்து படகின் விலாவில் உள்ளங்கையை வைத்துவிட்டு, வெயிலில் சுட்டதோ என்னவோ, சட்டென்று எடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒழுகுவது தகட்டில் அல்ல, றிவெற்றில். தமிழில் இதற்குத் தறையாணி என்று ஒரு நல்ல சொல் இருப்பதை மகளின் தமிழ் வகுப்புக்காக அகராதி புரட்டியபோதுதான் கண்டேன். நான் இருபது வருடமாக இந்தத் தறையாணியில்தான் சோறு தின்கிறேன். ரொறன்ரோவில் ஒரு விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில், இறக்கைத் தகடுகளில் றிவெற் அடிப்பது என் வேலை. அதை ஒருவர் தனியே செய்ய முடியாது. ஒருவர் ஒருபக்கம் அடிக்க, மறுபக்கம் இன்னொருவர் கனத்த இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க வேண்டும். பிடிப்பவர் கை தளர்ந்தால் அடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் தலை சரியாகப் பரவாது. கராஜில் மகன் படகுக்கு வெளியே கட்டியைப் பிடித்தான், நான் உள்ளே இருந்து சுத்தியலால் அடித்தேன். அவனுக்குப் பதினாறு வயது. என்னோடு அவன் அந்த இரண்டு கிழமையில் பேசியதுபோல முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. நடுவில் ஒரு அலுமினியத் தகடு இருந்ததாலோ என்னவோ.

அலுமினியப் படகுகள் எப்படி வந்தன என்று ஒருமுறை வாசித்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்குச் சண்டை விமானம் செய்த குறுமன் நிறுவனத்தில் வில்லியம் ஹொஃப்மன் என்று ஒரு உபதலைவர். 1944 இல் விடுமுறைக்கு அடிரொண்டாக் மலைப்பக்கம் போய், மரமும் கன்வசும் கொண்டு செய்த படகை ஏரிக்கு ஏரி தோளில் சுமந்து முதுகு முறிந்திருக்கிறார். விமானத் தகட்டில் இதைச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போர் முடிந்ததும் ஹெல்கற் விமானங்களைச் செய்த கைகள் அலுமினியப் படகு செய்தன. அதே தகடு, அதே றிவெற். வேறு நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. என் படகும் ஏதோவொரு வழியில் அந்த வம்சம்தான்.

அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றில் ஒரு மாதிரியும் இருந்தது. ஊரில் சண்டை நடந்த காலத்தில் நாங்கள் சத்தத்தை வைத்தே குண்டு விமானத்தின் பெயர் சொன்ன பிள்ளைகள். சியாமாசெட்டி, சகடை. எது குத்தி விழுந்து போடும், எது உயரத்தில் நின்றபடி உருட்டிவிடும் என்று தெரியும். பங்கருக்குள் என் இடம் அம்மாவின் இடதுபக்கம். அந்தப் பிள்ளை வளர்ந்து விமானத்துக்கு றிவெற் அடிக்கிறாள், பிறகு படகுக்கு அடிக்கிறாள். இதில் ஏதோ ஒரு அர்த்தம் இருக்க வேண்டும்போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்தக் கிழமை அந்த வேலைதான் இருந்தது.

23 வட்டத்தை அடைத்தோம். 24 ஆவது வட்டம் நடு இருக்கைக்கு நேர் கீழே. உள்ளே இருந்து சுத்தியல் போக வேண்டுமென்றால் இருக்கையைத் துளைத்துக் கழற்ற வேண்டும். ஒரு நாள் வேலை. நான் வெளியே இருந்து அந்த ஆணித்தலைக்கு மேலே எபொக்சியைப் பூசி, மேலே வர்ணத்தை அடித்து விட்டேன். எங்கள் வேலைத்தளத்தில் இப்படிச் செய்தால் சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். நானே எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறேன். படகுதானே, ஆகாயத்திலா பறக்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகன் கட்டியைப் பிடித்தபடி, "இதுக்கு அடிக்கேல்லையா அம்மா?" என்று கேட்டான். "தேவையில்லை" என்றேன்.

றைஸ் ஏரியைத் தெரிந்தெடுத்தது அது அதிகம் ஆழமில்லை என்பதற்காக. காட்டு நெல் விளைந்த ஏரி, அதனால்தான் அந்தப் பெயர். அனிஷினாபே மக்கள் அந்த நெல்லை மனோமின் என்பார்கள். அவர்களுடைய ஹயவாத்தா குடியிருப்பு வடகரையில் இருக்கிறது. பின்னால் அணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியதில் நெல்லில் பெரும்பகுதி மூழ்கிப்போனது. மூழ்கியது நெல் மட்டுமல்ல. 1854 இல் தென்கரை ஹார்வூட்டில் இருந்து ஏரிக்குக் குறுக்கே ரெயில் பாலம் ஒன்று போட்டார்கள். ஒவ்வொரு மாரியும் பனிக்கட்டி அதை நெரித்தது. சில வருடங்களிலேயே கைவிட்டார்கள். அதன் அணைக்கட்டு இன்றும் தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே கல்லும் மண்ணுமாய்க் கிடக்கிறது, தெரியாமல் போகிறவர்களின் மோட்டரை உடைக்கிறது. மகன் கைபேசியில் அந்தக் கோட்டைக் காட்டிக்கொண்டே வந்தான். ஐயாவுக்கு அது பிடித்துவிட்டது. "கோச்சி தண்ணிக்குள்ளால போனதோ!" என்று இரண்டு முறை கேட்டார்.

இவர் கரையிலேயே நின்றுகொண்டார். இறைச்சி வாட்ட அடுப்பு மூட்ட வேண்டுமாம். படகில் நான், ஐயா, இரண்டு பிள்ளைகள். ஐயாவுக்கு உயிர்காப்புச் சட்டையைப் போட வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. சட்டத்துக்குத் தேவையான சாமான்கள் வைத்திருந்தேன்: ஆளுக்கொரு சட்டை, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, விசில், இறைப்பதற்குப் பால் கலனை வெட்டிச் செய்த ஒரு சுரண்டி. ஐயா அந்தச் சுரண்டியைத்தான் முதலில் பார்த்தார், எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தார். நடு இருக்கையில் அமர்ந்தார். அவருடைய காலடியில்தான் அந்தத் தண்ணீர் நின்றது. ஒரு தேநீர்க் கோப்பை அளவு. கூட இருக்காது.

நான் பின்னால் மோட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் கண்டதும் என் வாய் காய்ந்துபோனது. அப்போதுதான் அவர் குனிந்தார்.

ஐயா அன்று ஏழெட்டு சூரியமீன் பிடித்தார். உள்ளங்கையளவு, மஞ்சள் வயிறு. ஓரா மீனைப் பிடிப்பதுபோலவே முள்ளைப் பின்பக்கமாக மடித்துப் பிடித்துத் தூண்டிலைக் கழற்றினார். மகள் எல்லாவற்றையும் திரும்ப விட வேண்டும் என்றாள். "பிடிச்ச மீனை விடுறதோ?" என்று கேட்டார், ஆனால் விட்டார். திரும்பும்போது தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வேணுமென்றே மோட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். கரையில் ஏற்றியதும் மகன் பின்பலகையின் அடைப்பானைக் கழற்றினான், எல்லாம் ஓடிப்போய்விட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது கிண்டிக் கொண்டிருக்கிறேன்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல்நாள் இரவு ஸ்காபரோவில் மழை தூறியது, படங்கும் பாதிதான் மூடியிருந்தது. அடைப்பான் கழன்றிருந்தால் மழைத் தண்ணீர் ட்ரெயிலரிலேயே வழிந்து போயிருக்கும். பூட்டியிருந்தால் உள்ளே நின்றிருக்கும். திரும்பி வரும்போது காருக்குள் மகனைக் கேட்டேன். "காலமைதான் பூட்டினனான்," என்றான். கொஞ்சம் கழித்து, "இல்லை, ராத்திரியோ?" என்றான். ஆகவே அது உண்மையாகவே மழையாகவும் இருக்கலாம். கரையில் தண்ணீருக்குள் நின்று ஏறிய எட்டுக் காலின் ஈரமாகவும் இருக்கலாம். அப்படியானால் ஐயா சொன்னது சரி; தவறான வழியில் சரியான விடை.

சில நாட்களாக ஒரு நினைவு வருகிறது. எனக்கு ஏழு வயதிருக்கும். மாரிகாலம், விடியப்புறம். கரையில் ஐயாவின் வள்ளம் நிமிர்ந்து நிற்கிறது, ஒருவரும் இல்லை. நான் ஏறிவிடுகிறேன். உள்ளே தண்ணீர். தொட்டு நாக்கில் வைக்கிறேன். ஐயா வலையோடு வருகிறார். இறங்கி ஓடாமல், "ஐயா, மழைத் தண்ணி!" என்று கத்துகிறேன். அடி விழும் என்று காத்திருக்கிறேன். அவர் அடிக்கவில்லை. என்னைத் தூக்கி மணலில் இறக்கிவிட்டு, தானும் குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார்.

இது நடந்ததுதானா? நடந்திருந்தால், அன்று ஏரியில் அவர் சொன்னது என்னுடைய சொல்லையே எனக்குத் திருப்பித் தந்ததாகிவிடும். ஆனால் வள்ளத்தின் உட்பக்கம் எனக்குத் தெரியாது என்று கொஞ்சம் முன்தானே எழுதினேன். ஆறு மாதத்துக்கு முன் இல்லாத நினைவு, தேவைப்பட்டதும் வந்து நிற்கிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் வெட்டிப் பொருந்துகிற பலகையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். மெய்யான பழைய பலகைக்கு ஒரு மூலையாவது உதிர்ந்திருக்க வேண்டும்.

வல்வெட்டித்துறை மலர் ஒன்றில் அன்னபூரணி கப்பலைப் பற்றி வாசித்ததும் இப்படித்தான் நடுவில் வந்து நிற்கிறது. வேப்பமரத்தில் எங்கள் கரையில் கட்டிய பாய்க்கப்பல். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்து, எங்களூர் மாலுமிகளோடேயே அத்திலாந்திக்கைக் கடக்க வைத்தார். 1938 இல் அது மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சின்ன வயதில் இதைக் கேட்டால் நெஞ்சு நிமிரும். இப்போது நான் யோசிப்பது வேறு. அந்த மாலுமிகள் அத்தனை மாதம் கப்பலின் அடியில் இறங்கித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்திருப்பார்கள். எந்தக் கடலிலும் அந்தச் சோதனை பலித்திருக்கும். அரபிக்கடலோ அத்திலாந்திக்கோ, உப்பு உப்புத்தான். அவ்வளவு தூரம் போயும் அவர்களுடைய நாக்கு அவர்களைக் கைவிடவில்லை. நாங்கள் விமானத்தில் வந்து இறங்கி, ஏரிக்கரையில் குடியேறினோம்.

எங்கள் தலைமுறைக்கு நடந்ததையெல்லாம் நாங்கள் மழை என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். சொல்வதில் பொய்யுமில்லை, வானத்திலிருந்துதானே விழுந்தது. கடலில் இறங்கத் தடை, ஊரைவிட்டு ஓட்டம், ஐயாவின் வள்ளம் கரையில் கிடந்தபடியே போனது, எல்லாம் மழை. ஆனால் என் அண்ணா லண்டனில் இருக்கிறார். ஐயாவோடு பேசி 11 வருடம். யாராவது கேட்டால் "சண்டை எங்களைத் திக்குத் திக்காய்ப் பிரிச்சுப் போட்டுது" என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், மேலே கேட்கமாட்டார்கள். உண்மையில் அது ஊரில் இருக்கும் நாலு பரப்புக் காணி. உறுதியில் யாருடைய பெயர் என்ற பிரச்சினை. கையெழுத்து வைக்கும்போது அண்ணாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வைத்தது ஐயா, வைக்கச் சொன்னது நான். அதற்கு மேலேயும் ஒரு பூச்சைப் பூசி வர்ணம் அடித்திருக்கிறேன் என்று இப்போது படுகிறது. மகன் என்னோடு தமிழில் பேசுவது குறைந்ததற்கும், இவர் அன்று படகில் ஏறாததற்கும் இதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் நித்திரை வராது.

இப்படி எழுதிக்கொண்டு போவதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து வாழ்க்கை முழுக்கத் தெளிக்கிறேன். ஐயா இதை வாசித்தால், "போட்டில தண்ணி நிண்டா இறைக்கிறதை விட்டிட்டு என்ன கதை," என்பார்.

வாசிக்க மாட்டார். போன மாதம் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சில சாமான்களை எங்கே வைத்தார் என்று தெரியாமல் தேடுகிறார், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார். மருத்துவர் நல்ல பெண். மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார். வட்டம் போட்டு இலக்கமெல்லாம் எழுதினார், முட்களைப் போடவில்லை. இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டார். ஐயாவுக்குத் தெரியவில்லை. மாதமும் தெரியவில்லை. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஐயா சன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "பறுவம் கழிஞ்சு மூண்டு நாள்," என்றார். அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், தெரியாதாம் என்று சொல்லிவிட்டேன். மருத்துவர் பூச்சியம் போட்டார். வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். பறுவம் கழிந்து மூன்று நாள்தான்.

அப்படியென்றால் ஏரியில் அவருடைய நாக்கு எந்தக் கணக்கில் பேசியது? கடலின் கணக்கில் என்றால், அவர் அந்தக் காலையில் வடமராட்சியில் இருந்தார். உப்பில்லை, ஆகவே மழை, அவ்வளவுதான். ஏரியின் கணக்கு தெரிந்துதான் சொன்னார் என்றால், முன்னால் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பின்னால் மகள் முகம் வெளிறி இருக்கிறாள், ஒரு கோப்பைத் தண்ணீர் யாரையும் தாழ்க்காது என்று நாற்பது வருடம் கடலில் கிடந்தவருக்குத் தெரியும். என்னை அவர் காப்பாற்றினாரா, அல்லது என் கண்முன்னாலேயே கரைந்துபோய்க்கொண்டிருந்தாரா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்க முடியுமா என்றும் யோசிக்கிறேன்.

போன சனிக்கிழமை கேட்டே விட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, அண்டைக்கு ஏரியில, போட்டுக்குள்ள நிண்டது மழைத் தண்ணிதானே?"

"எந்தப் போட்?"

"நாங்கள் திருத்தின போட். நீங்கள் தொட்டு நாக்கில வைச்சனீங்கள்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "உப்பில்லைத் தானே பிள்ளை?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நானும் அதைத் தொட்டுப் பார்த்திருப்பேன் என்று நினைத்துவிட்டார்போல. நான் தொட்டுப் பார்க்கவில்லை.

"இல்லை," என்றேன்.

சித்திரையில் தோட்டக் குழாயைத் திறந்து படகை நிரப்பினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லையென்றால் நடு இருக்கையைத் துளைத்துக் கழற்றி, மகனைக் கட்டியைப் பிடிக்கச் சொல்லி, அந்த ஒரு ஆணியை ஒழுங்காக அடித்துவிடலாம். எதைச் செய்வேன் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அடித்துவிட்டால் அன்று ஊறியதா இல்லையா என்று ஒருபோதும் தெரிய வராது. நிரப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டில் எது எனக்கு வேண்டும்?

நேற்று மேல்மாடி யன்னலால் பார்த்தேன். பனி, படங்கின் நடுவில் குழியாய்க் கனத்துக் கிடக்கிறது. உருகினால் கொஞ்சமாவது உள்ளே இறங்கும். ஐப்பசியில் மூடிக் கட்டும்போது அடைப்பானைக் கழற்றி வைத்தோமா, பூட்டினபடி விட்டோமா என்று யோசித்துப் பார்த்தேன். மகனையும் கேட்டேன். அவனுக்கும் நினைவில்லை.